புல்லைப் புரட்டிய ரக்கூனும் அதை அழைத்து வந்த புழுவும்: மார்க்கம் நகர வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

செப்டெம்பர் கடைசியில் கனடாவின் தென் ஒன்ராறியோவில் எந்தக் குடியிருப்புத் தெருவில் நடந்தாலும் இதைக் காணலாம். ஒரு வீட்டின் முன்புல் பச்சையாக, ஒழுங்காக நிற்கும். அடுத்த வீட்டுப் புல் பாயைச் சுருட்டி எறிந்தது போல மண் தெரியப் புரண்டு கிடக்கும். அதே தெரு, அதே இரவு, வந்த மிருகமும் அதேதான். அப்படியென்றால் அந்த ஒரு வீட்டை மட்டும் அது ஏன் தேர்ந்தெடுத்தது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாவிட்டால் மிளகாய்த்தூள், கூண்டு, விளக்கு, வானொலி என்று காசும் நித்திரையும் போகும், புல் திரும்பி வராது.

இங்கே நான் எழுதுவது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் (Markham) நகரில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அண்ணரின் வீட்டுக் கதை. தொடக்கத்திலிருந்து கூட நின்று பார்த்ததால் விபரமாக எழுத முடிகிறது. ரொறொன்ரோ, ஸ்காபரோ, ஏஜக்ஸ், பிராம்ப்டன் என்று நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கும் இடமெல்லாம் இதே பிரச்சினைதான், வருடா வருடம்.

வீடும் நிலமும்

அண்ணர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், புல்லில் அவருக்கு உயிர். வாரத்தில் இரண்டு தரம் வெட்டுவார், அதுவும் நன்றாகக் கட்டையாக, தரையோடு ஒட்ட. யூலை வெயிலில் தெருவே மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும்போது அவர் வீட்டுப் புல் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொஞ்ச நேரம் தண்ணீர் அடிப்பார். பார்க்க நல்ல அழகு. ஆனால் பின்னால் வந்த சேதத்துக்கு இந்த இரண்டு பழக்கமும் வழி விட்டன என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டுபவர்கள் போட்டுவிட்டுப் போகும் மேல்மண் சில அங்குலம்தான். அதற்குக் கீழே பாரமான இயந்திரங்கள் ஓடி இறுகிப்போன களிமண். அதன் மேல் உருட்டிக் கொண்டுவந்த புல் ரோலை விரிப்பார்கள், பெரும்பாலும் கெண்டக்கி புளூகிராஸ். வேர் கீழே போக இடமில்லை, ஒவ்வொரு நாளும் மேலோட்டமாகத் தண்ணீர் கிடைத்தால் போகத் தேவையும் இல்லை. ஆகவே பத்துப் பதினைந்து வருடமானாலும் அந்தப் புல் ஒரு மெல்லிய போர்வையாகத்தான் மண்ணின் மேல் கிடக்கிறது. வீட்டுக்கு முன்னால் நகரசபை நட்ட ஒரு லிண்டன் மரம் நிற்கிறது. முன்புல் தெற்கு நோக்கியது, நாள் முழுக்க வெயில், ஒரு பக்கம் கார் நிறுத்தும் டிரைவ்வே, ஒரு பக்கம் நடைபாதை, இரண்டும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பின்வளவில் அக்காவின் தோட்டம். பயற்றங்கொடி, தக்காளி, மிளகாய், சாமிக்கு வைக்கிற ரோசா. சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறும் அங்கேதான் வைப்பார்.

சேதம்

ஒரு மழை நாளுக்கு அடுத்த காலை, டிரைவ்வே ஓரமாக ஒரு பெரிய துண்டுப் புல் கிளம்பி மடிந்து கிடந்தது. அடுத்த அடுத்த நாட்களில் அது பரவி, முன்புல்லில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. அண்ணர் காலையில் எல்லாவற்றையும் திருப்பி விரித்து மிதித்துவிடுவார், இரவில் அது திரும்பக் கிளம்பும். "தம்பி, இரவிரவா வந்து கிண்டிப்போட்டுப் போகுது, நான் என்ன செய்யிறது?" என்று கேட்டபோது மனிதர் உண்மையிலேயே உடைந்துபோயிருந்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புல்தானே என்று தோன்றும். வாழ்நாள் முழுக்க உழைத்து வாங்கிய வீட்டின் முன்பக்கம் அது.

எந்த மிருகம் என்பதைக் கண்டுபிடிக்கக் கமரா கட்டாயம் தேவை என்றில்லை, மண்ணே சொல்லும். ரக்கூன், பூனையைவிடக் கொஞ்சம் பெரிய, முகத்தில் கறுப்புப் பட்டையுள்ள இரவு மிருகம். அதற்கு முன்னங்கால் விரல்களில் தொடு உணர்வு மிக அதிகம். அது புல்லின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மடித்து, கீழே தடவித் தடவித் தேடும், அதனால்தான் பெரிய துண்டுகளாகக் கிளம்புகிறது. ஸ்கங்க், நாற்றத் திரவம் பீச்சும் கறுப்பு வெள்ளை மிருகம், அப்படிச் செய்யாது. மூக்கால் மணந்து, மணம் வந்த இடத்தில் மட்டும் நகத்தால் கிண்டும், கூம்பு வடிவில் மூன்று நாலு அங்குல அகலக் குழி. அணில் காய் புதைக்கக் கிண்டுவது இன்னும் சிறியது, அது ஒரு பொருட்டே இல்லை. சிப்மங்க் என்ற சின்ன வரி அணிலின் குழி வட்டமாக, பக்கத்தில் மண் குவியல் இல்லாமல் இருக்கும். மண் வரம்பாகக் கிளம்பி ஓடினால் அது மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் மோல், வேறு கதை. பெரிய பொந்து, வாசலில் மண் குவியல் என்றால் கிரவுண்ட்ஹொக். ஸ்டார்லிங் குருவிகள் கூட்டமாக இறங்கிக் கொத்தினால் பென்சிலால் குத்தியது மாதிரித் துளைகள் இருக்கும், காகங்களும் இழுத்துப் பிய்க்கும்.

அண்ணர் வீட்டில் டிரைவ்வே ஓரம் ரக்கூனின் வேலை. நடைபாதைப் பக்கம் தனித்தனிக் குழிகள், அது ஸ்கங்க். இரண்டும் ஒரே பொருளுக்குத்தான் வந்திருந்தன.

மண்ணுக்குள் என்ன இருந்தது

மண்வெட்டியால் ஓரடிச் சதுரத்தின் மூன்று பக்கம் வெட்டி, புல்லைக் கதவு மாதிரித் திறந்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கையால் உதிர்த்துப் பார்க்க வேண்டும். புல்லின் வெவ்வேறு இடங்களில் இப்படிச் செய்ய வேண்டும், நல்ல இடத்திலும் ஒன்று. பார்த்து முடிந்ததும் மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன வேலை, ஆனால் புல்லைப் பற்றி என்னிடம் புலம்பிய எத்தனையோ பேரில் இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

டிரைவ்வே ஓரம் மண்ணைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, பிடித்து இழுத்ததும் புல் கையோடு வந்தது. வேர் இல்லை. கீழே வெள்ளையாக, மண்ணிறத் தலையோடு, ஆறு காலோடு, அரைவட்டமாகச் சுருண்டு வேர்ப்புழுக்கள், வண்டுகளின் குஞ்சுப் பருவம். சதுர அடிக்குப் பதினைந்துக்கு மேல். லிண்டன் மர நிழலில் இரண்டு மூன்று. ரக்கூன் தொடாத இடம் சரியாக அந்த நிழல்தான்.

தமிழ்நாட்டில் நிலக்கடலை, கரும்பு பயிரிடுபவர்களுக்கு இந்தப் புழுவின் உறவுக்காரர்களைத் தெரியும், அங்கேயும் வேர்ப்புழு என்றுதான் சொல்வார்கள். இங்கே வீட்டுப் புல்லைத் தின்பவை முக்கியமாக மூன்று வண்டுகளின் புழுக்கள்: யூரோப்பியன் சேஃபர், ஜப்பானிய வண்டு, யூன் வண்டு. வால் பக்கத்தின் அடியில் உள்ள சிறு மயிர்களின் ஒழுங்கைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு வரிசை நேராக வந்து கடைசியில் ஒய் வடிவில் விரிந்தால் சேஃபர், சின்ன வி வடிவம் என்றால் ஜப்பானிய வண்டு. அண்ணர் வீட்டில் இரண்டும் இருந்தன, சேஃபர் அதிகம்.

இரண்டுமே வந்தேறிகள். ஜப்பானிய வண்டு வட அமெரிக்காவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1916இல், நியூ ஜேர்சியில். யூரோப்பியன் சேஃபர் 1940இல், நியூயோர்க் மாநிலத்தில் ரொச்செஸ்டருக்குக் கிட்ட, ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம். இந்த மண்ணில் அவற்றுக்கு ஊரில் இருந்த எதிரிகள் அவ்வளவாக இல்லை. ஆனால் நாங்கள் அவற்றுக்காக லட்சக்கணக்கான வீட்டு வாசல்களில் ஒரே வகைப் புல்லை வளர்த்து, தண்ணீரும் ஊற்றி வைத்திருக்கிறோம்.

புழுவின் நாட்காட்டி

இந்த ஆய்வில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

சேஃபருக்கு ஒரு வருட வாழ்க்கை. யூன் நடுவிலிருந்து யூலைக்குள் வண்டு மண்ணிலிருந்து வெளியே வரும். பொழுதுபட்ட கையோடு மரங்களைச் சுற்றிக் கூட்டமாக இரைந்துகொண்டு பறக்கும், வெளிர் மண்ணிறம், அரை மணித்தியாலம் அப்படிப் பறந்துவிட்டு அடங்கிவிடும். இந்த வண்டு இலையை அவ்வளவாகத் தின்னாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பிறகு பெண் வண்டு புல்லுக்குள் இறங்கி மண்ணில் முட்டையிடும். ஜப்பானிய வண்டு கொஞ்சம் பிந்தி, யூன் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் வரை. பச்சை உடம்பு, செப்பு நிற இறக்கை. இது இலையைச் சல்லடையாக்கும். ரோசா, திராட்சை, போஞ்சி வகைகள், லிண்டன் எல்லாம் இதற்கு விருப்பம். அக்காவின் ரோசாவில் யூலையில் இருந்தது இதுதான்.

முட்டை இரண்டு கிழமை அளவில் பொரிக்கும். ஓகஸ்டில் புழு மிகச் சின்னது, புல்லில் ஒன்றும் தெரியாது. செப்டெம்பரில் வளரும், வேரைத் தின்னும். செப்டெம்பர் கடைசி, ஒக்டோபரில் அது கொழுத்துவிடும், மழை பெய்து மண் இளகும், ரக்கூனும் ஸ்கங்கும் குளிர்காலத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற காலமும் அதுதான். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது புல் புரள்கிறது. நிலம் உறையும்போது புழு கீழே போய்விடும். மார்ச் கடைசி, ஏப்ரலில் மேலே வந்து திரும்பத் தின்னும், அப்போது இரண்டாவது முறை கிண்டல். மே மாதத்தில் தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகும்.

ஆகவே சேதம் தெரிகிற நாளில் புழு பெரியதாகி, எந்த மருந்துக்கும் லேசில் மசியாத நிலைக்கு வந்துவிட்டது. அதை லேசாகக் கொல்லக்கூடிய காலம் அதற்கு ஐந்தாறு கிழமைக்கு முந்தி, புல் மிக நன்றாக இருந்த நாட்களில் கடந்துபோய்விட்டது. புல் நன்றாக இருக்கும்போது யார் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார்கள்? இந்தப் பிரச்சினை ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

முதல் இலையுதிர் காலம்: எவை உதவவில்லை

அண்ணர் வீட்டுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. மிளகாய்த்தூள் தூவினார்கள். ஒரு மழையோடு போய்விட்டது. அதோடு அது மிருகத்தின் கண்ணிலும் பாதத்திலும் பட்டு வேதனை தரும், பக்கத்து வீட்டு நாய்க்கும் அதேதான். அந்துருண்டை போடச் சொன்னார்கள், அதை நான் தடுத்தேன். அது மூடிய பெட்டிக்குள் உடுப்புக்குப் போடுகிற நஞ்சு, மண்ணிலும் பிள்ளைகள் ஓடுகிற இடத்திலும் போடுகிற சாமான் இல்லை. மின்விளக்கும் வானொலியும் நகரத்து ரக்கூனுக்குப் பழகிப்போன விடயம். மீயொலி எழுப்புகிற கருவியும் வாங்கினார்கள், அது இப்போது கராஜில் கிடக்கிறது. இரத்தத்தூள், எலும்புத்தூள் உரம் போட்டால் மிருகம் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மணத்துக்கு ஸ்கங்கும் ரக்கூனும் தேடிக்கொண்டு வரும்.

பிறகு கூண்டு. ஓர் உறவினர் கூண்டு கொண்டுவந்து, பிடித்துக்கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விட்டுவிடலாம் என்றார். இதைப் பலரும் ஒரு தர்ம காரியம் மாதிரி நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1997 என்று ஒன்று இருக்கிறது. சேதம் செய்கிற மிருகத்தை உயிரோடு பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட வேண்டும். தூரத்தில் விடுவது சட்டப்படி குற்றம். காரணமும் நியாயமானது. தெரியாத இடத்தில் விட்ட மிருகம் தண்ணீரும் பொந்தும் தெரியாமல் அலைந்து பெரும்பாலும் சாகும், தாய் என்றால் குட்டிகள் இங்கே பட்டினியில் சாகும், நோயும் பரவும். 2015 டிசெம்பரில் ஹமில்ற்றனில் ரக்கூன்களிடம் விசர்நோய் திரும்பத் தலைகாட்டியதை இங்கே இருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் மேல், ஒரு ரக்கூனை அகற்றினால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும், புழு இருக்கும் வரை.

கூண்டு திரும்பிப் போனது. எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்த ஒக்டோபரில் செய்யக்கூடியதாக இருந்தது சேதத்தை மட்டுப்படுத்துவது மட்டும்தான். கிளம்பிய புல்லை அன்றன்று காலையிலேயே, வேர் காயமுதல், திருப்பி வைத்து நனைப்பது. திருப்பி வைக்கிறபோது கண்ணில் படுகிற புழுக்களைப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போடுவது. அதற்கு மேல் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையைத் தட்டையாக விரித்து, வளைந்த கம்பி ஆணியால் ஓரமெல்லாம் இறுக்கிக் குத்துவது. நடக்கும்போது காலுக்குக் கீழே வலை அமுங்குவது ரக்கூனுக்குப் பிடிக்காது, மடித்துத் தூக்கவும் முடியாது. மெல்லிய நைலோன் வலை வேண்டாம், அதில் குருவியும் பாம்பும் சிக்கிச் சாகும். இதோடு அசைவைக் கண்டால் தண்ணீரைப் பீச்சுகிற தெளிப்பான் ஒன்றும் வைத்தோம். விரட்டுகிற கருவிகளில் உண்மையிலேயே வேலை செய்தது அது ஒன்றுதான், ஆனால் உறைபனி தொடங்க முந்திக் குழாயைக் கழற்ற வேண்டும்.

காகத்துச் சோற்றைப் பற்றியும் அக்காவோடு கதைத்தேன். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நான் சொல்லவும் இல்லை. காலையில் வைத்து, காகம் எடுத்த பிறகு மிச்சத்தை மத்தியானத்துக்கு முந்தி உள்ளே எடுத்துவிடுங்கள் அக்கா என்றேன், அவரும் சரி என்று அப்படியே செய்கிறார். சமையல் கழிவு போடுகிற பச்சைத் தொட்டி மூடியும் பூட்டப்பட்டது.

பின்பக்கம் டெக் என்ற மர மேடைக்குக் கீழே ஒரு பொந்து இருந்தது. அதற்குள் கடதாசியைத் தளர்வாக அடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும், தள்ளப்படாமல் இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இல்லை என்று உறுதியான பிறகு, கம்பி வலையை ஓரடி கீழே இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணால் மூடினோம். கிண்டிக்கொண்டு வருகிற மிருகம் அந்த மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். இதைச் செய்யக்கூடாத காலம் ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை, குட்டிகள் உள்ளே இருக்கலாம். நாயின் மேல் ஸ்கங்க் நாற்றத் திரவத்தைப் பீச்சி அடித்துவிட்டால், கழுவத் தக்காளிச் சாறு உதவாது: 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர், கால் கப் பேக்கிங் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம், கலந்த உடனேயே பாவித்து முடிக்க வேண்டும், போத்தலில் அடைத்து வைத்தால் வெடிக்கும்.

வசந்த காலத்து விற்பனை

ஏப்ரலில் திரும்பவும் கிண்டல், எதிர்பார்த்ததுதான். மே மாதம் ஒரு புல் பராமரிப்புக் கொம்பனிக்காரர் கதவைத் தட்டி, புழுவுக்கு உடனடி மருந்து, முழு வளவுக்கும் இவ்வளவு என்று ஒரு நல்ல தொகை சொன்னார். மே மாதத்தில் புழு முழு வளர்ச்சியடைந்து, தின்பதை நிறுத்தப் போகிற நேரம். அப்போது அடிப்பதால் கிடைக்கிற பலன் மிகக் குறைவு, யூலையில் புது வண்டு வந்து புது முட்டையிடும். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன், அண்ணரும் திருப்பி அனுப்பிவிட்டார்.

பலர் கேட்பது, முந்தி மாதிரி ஒரு பலமான இரசாயனம் அடித்தால் என்ன என்று. 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்லுக்கு அடிக்கும் பூச்சிகொல்லிகளுக்குத் தடை இருக்கிறது, வீட்டுப் புல்லில் வேர்ப்புழுவுக்கு முன்பு பாவித்த பலமான மருந்துகள் அதற்குள் அடங்கும். எனக்கு இந்தத் தடையில் முழு உடன்பாடு. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம், மழை பெய்தால் கழிவு வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிற மண்.

வசந்தத்தில் பயனுள்ள வேலை புல்லைத் தேற்றுவதுதான். கிளறிய இடங்களில் கொம்போஸ்ட் கலந்த மண் போட்டு விதைத்தோம். முன்பிருந்த வகைக்குப் பதிலாக உயர ஃபெஸ்க்யூ என்ற புல் வகை கூடுதலாக உள்ள விதைக் கலவை, அதன் வேர் ஆழம் போகும், புழு கொஞ்சம் தின்றாலும் தாங்கும்.

கோடை: பழக்கத்தை மாற்றுதல்

இதுதான் அண்ணருக்கு மனக்கஷ்டமான பகுதி. புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விடச் சொன்னேன். கட்டையாக வெட்டியபோது இருந்த அந்த ஒழுங்கான வெட்டு இல்லை என்று அவருக்குக் குறை. ஆனால் மேலே எவ்வளவு உயரமோ அதற்கேற்பத்தான் கீழே வேரும் போகும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தண்ணீர் என்பதை நிறுத்தினோம். யூலையில் முட்டைக்கு ஈரம் வேண்டும், காய்ந்த மண்ணில் முட்டையும் குஞ்சுப் புழுவும் நிறையச் சாகும், ஜப்பானிய வண்டு முட்டையிட ஈரமான புல்லைத்தான் தேடும். தெருவே காய்ந்திருக்க ஒரு வீடு மட்டும் பச்சையாக நின்றால் அந்த வட்டாரத்து வண்டெல்லாம் எங்கே போகும்? அந்த யூலை அண்ணரின் புல் மற்றவர்களுடையதைப் போல மஞ்சளானது. இது சாவில்லை, உறக்கம்தான், ஓகஸ்ட் கடைசியில் மழையோடு பச்சை திரும்பியது. சேஃபர் காய்ந்த இடத்தையும் ஓரளவு தாங்கும் என்பதால் இது மட்டும் போதாது, ஆனால் உதவும்.

அக்கா காலையில், குளிரில் வண்டு மந்தமாக இருக்கிற நேரத்தில், ரோசாவிலும் பயற்றங்கொடியிலும் இருந்த வண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிட்டார். கடையில் தொங்கவிட்டு விற்கிற வண்டுப் பொறியை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அதன் மணம் பிடிபடுகிறதைவிட அதிகமான வண்டுகளை வளவுக்கு இழுத்து வரும்.

செப்டெம்பர்: நூற்புழு

ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் மண்ணைத் திறந்து பார்த்தோம். டிரைவ்வே ஓரத்தில் சின்னப் புழுக்கள் இருந்தன, முந்திய வருடத்தைவிடக் குறைவு, ஆனாலும் சில இடங்களில் சதுர அடிக்கு ஐந்து முதல் பத்து. தண்ணீர் அதிகம் இல்லாத, வேர் பலமில்லாத புல்லுக்கு அந்த அளவே போதும் காய்ந்து போக, ரக்கூனுக்கும் அது நல்ல சாப்பாடு. ஆகவே நூற்புழு வாங்கினோம். கடையில் நெமடோட் என்று கேட்க வேண்டும், அதிலும் ஹெட்டரோராப்டைடிஸ் பாக்டீரியோபோரா என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். ஸ்டெய்னர்நீமா கார்போகாப்ஸே என்று இன்னொன்று அதே தட்டில் இருக்கும், அது மேற்பரப்பில் திரிகிற பூச்சிகளுக்கு நல்லது, மண்ணுக்குள் கிடக்கும் வேர்ப்புழுவைத் தேடிப் போகாது.

கண்ணுக்குத் தெரியாத இந்த நூற்புழு வேர்ப்புழுவைத் தேடிப்போய் அதன் உடம்புக்குள் நுழைந்து, தன்னோடு கொண்டுபோகும் பாக்டீரியாவை உள்ளே விடும். ஓரிரு நாளில் வேர்ப்புழு செத்து, செங்கல் நிறமாகிவிடும். நூற்புழு அதற்குள்ளேயே பெருகி, இரண்டு கிழமை அளவில் வெளியே வந்து அடுத்ததைத் தேடும். மனிதருக்கும் நாய் பூனைக்கும் மண்புழுவுக்கும் தேனீக்கும் இதனால் தீங்கில்லை.

ஆனால் இது உயிர். நூற்புழு போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். கேட்டுப் பார்த்தால் வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் பாதி நாள் இருந்திருக்கும், அல்லது மத்தியானத்தில் காய்ந்த மண்ணில் அடித்திருப்பார்கள். கடையில் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்த பக்கெற்றைத்தான், காலாவதித் திகதி பார்த்து, எடுக்க வேண்டும், வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கெதியாகப் பாவிக்க வேண்டும். அடிக்கிறதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் புல்லை நன்றாக நனைக்க வேண்டும். சூரிய ஒளி பட்டால் சாகும், அதனால் பொழுது சாய்ந்த பிறகு, மழைத் தூறலில் என்றால் இன்னும் நல்லது. தெளிப்பானுக்குள் இருக்கிற மெல்லிய வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், கலவை அடியில் படியும் என்பதால் இடையிடையே குலுக்க வேண்டும். அடித்த கையோடு திரும்பத் தண்ணீர், இலையில் ஒட்டியிருப்பது மண்ணுக்குள் இறங்க. அதன் பிறகு இரண்டு கிழமைக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், யூலையில் மிச்சம் பிடித்த தண்ணீரை இங்கே செலவழியுங்கள். மண்ணின் சூடு 15 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எங்கள் பக்கத்தில் அது ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடு வரை. வெப்பமானியை மண்ணில் குத்திப் பார்த்தால் தெரியும்.

அண்ணர் இதை ஒரு விரதம் மாதிரிச் செய்தார். முழு வளவுக்கும் அடிக்கவில்லை, வெயில் விழுகிற முன்புல்லுக்கு மட்டும். மர நிழலிலும் பின்பக்கத்திலும் புழு இல்லாத இடத்தில் அடிப்பது காசை மண்ணில் போடுவது.

பலன்

செப்டெம்பர் கடைசியில் திறந்து பார்த்தபோது செங்கல் நிறத்தில் செத்த புழுக்கள் கிடந்தன. உயிரோடு இருந்தவை டிரைவ்வே ஓரத்திலும் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. கையால் இழுத்தால் புல் வரவில்லை. ரக்கூன் ஒரு துண்டைக்கூடப் புரட்டவில்லை. ஸ்கங்க் வந்தது, நடைபாதை ஓரத்தில் சில குழிகள் இருந்தன, அவற்றை மண்ணும் விதையும் போட்டு நிரப்பினோம். அந்த அளவை நான் சேதம் என்று கணக்கெடுக்க மாட்டேன். மிச்சமிருந்த புழுக்களைத் தின்று எங்களுக்கு உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறது.

எல்லாம் நூற்புழுவால் என்று சொல்ல மாட்டேன். யூலையில் தண்ணீரை நிறுத்தியது, உயரமாக விட்டது, விதையை மாற்றியது எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பலன், எது எவ்வளவு என்று ஒரு வீட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. என்றாலும் தெருவில் இதைச் செய்யாத வீடுகளில் அதே கிழமைகளில் புல் புரண்டு கிடந்ததைப் பார்த்தேன். ரக்கூன்கள் எங்கும் போய்விடவில்லை.

செலவைப் பொறுத்தவரை, நூற்புழுவும் விதையும் கம்பி வலையும் சேர்ந்து, மே மாதம் வந்த கொம்பனி கேட்ட தொகையைவிடக் குறைவாகத்தான் வந்தது, உடம்பு வேலை தவிர.

இனி என்ன

இது ஒரு தரம் செய்து முடிகிற வேலை இல்லை. வண்டு பறந்து வருகிறது, பக்கத்து வளவிலிருந்தும் வரும். ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலும் மண்ணைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும், சதுர அடிக்கு ஐந்துக்குக் குறைவு என்றால் அந்த வருடம் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் உள்ள நகரசபைப் புல் துண்டில் இன்னும் புழு இருக்கிறது, அங்கே மண் மிக இறுகியது, தண்ணீர் நிற்காது. அடுத்ததாக அதைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுத்து, ஃபெஸ்க்யூவும் வெள்ளைக் குளோவரும் கலந்து விதைப்பதாக இருக்கிறோம். அண்ணரின் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்த வருடம் சேர்ந்து நூற்புழு வாங்கச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்று முன்புல்லுக்கும் ஒரே மாலையில் அடித்தால் ஒரே தெளிப்பானும் ஒரே பெரிய பக்கெற்றும் போதும், ஓகஸ்ட் நடுவிலேயே கடையில் சொல்லிவைக்க வேண்டும், பிந்தினால் முடிந்துவிடும்.